ஐம்பத்து நான்கில் ஒரு கசிவு

என் தம்பி கேஸ்கிலுக்கு எதுவும் நல்ல நாள் பார்த்து வந்ததில்லை. வயிற்றுவலியும் அப்படித்தான், ஜனவரி பதினேழாம் தேதி காலையில் வந்தது. அன்றைக்குக் குளிர் ஐம்பத்து நான்கு. யாகூத்தியாவில் நாங்கள் பூஜ்யத்துக்குக் கீழே என்று தனியாகச் சேர்த்துச் சொல்வதில்லை. ஜனவரியில் மேலே எங்கே இருக்கப் போகிறது?

பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்தலாம் என்று நான் உட்கார்ந்தபோது, அவன் பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினான். போய்ப் பார்த்தால் முப்பத்தாறு வயது ஆள் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்திருக்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை. ஊர் நர்ஸ் அனீஸ்யா ஓடி வந்து வயிற்றின் வலது பக்கத்தை அழுத்தினாள். அழுத்தியபோது பல்லைக் கடித்தவன், கையை எடுத்தபோது கத்தினான்.

"குடல்வால்தான்" என்றாள் அனீஸ்யா. "இன்னிக்கே அறுக்கணும், வர்வாரா. என்கிட்ட ஊசியும் மாத்திரையும்தான் இருக்கு, கத்தி இல்ல."

மூடுபனி தரையோடு தரையாகக் கிடந்தது. ஹெலிகாப்டர் கிளம்பாது என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊர் ஆம்புலன்ஸ் நவம்பரிலிருந்து சக்கரமில்லாமல் கட்டை மேல் நிற்கிறது. அதைப் பழுது பார்க்க வேண்டிய மெக்கானிக் யார் என்றால், இதோ கட்டிலில் சுருண்டு கிடக்கிற கேஸ்கில்தான். மற்ற டிரைவர்கள் எல்லோரும் வடக்கே நிலக்கரி ஏற்றப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது கேஸ்கிலின் பழைய வேன். அதன் உருவத்தைப் பார்த்து ஊரே அதை 'ரொட்டி' என்று கூப்பிடும். அதை ஓட்ட மிச்சம் இருந்தது நான்.

எனக்கு ஓட்டத் தெரியும். கோடையில் புல் வெட்டப் போகும்போது ஓட்டியிருக்கிறேன். உறைந்த ஆற்றின் மேல் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டியதில்லை.

நான் உள்ளே போய் ஆஸ்பத்திரிப் பையைத் தயார் செய்தேன். சோப்பு, துண்டு, டம்ளர், அவனுடைய உள்சட்டை இரண்டு, பால் டீ ஒரு ஃபிளாஸ்க். நோட்டுக் கட்டையும் பழக்கதோஷத்தில் தூக்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது அனீஸ்யா அவனை வேனின் பின்னிருக்கையில் மான் தோலால் மூடிவிட்டு அவன் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"ஒரு சொட்டுத் தண்ணி கொடுத்துடாத. கெஞ்சுவான். கொடுக்காத."

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். முதல் அரை மணி நேரத்திலேயே அவன் கெஞ்ச ஆரம்பித்தான்.

"அக்கா, ஒரு வாய் டீ. நாக்கு ஒட்டுது."

"ஒட்டட்டும். கொஞ்ச நேரம் பேசாம வருவே."

"இரண்டாவது கியர்லயே உலகத்தைச் சுத்தப் போறியா? மாத்து."

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிட. கியரை நான் பாத்துக்கறேன்."

ஆற்றுப் பாதை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒதுக்கிய பனி, நடுவில் கண்ணாடி. எதிரே ஒரு வண்டி வரவில்லை. அறுபதாவது கிலோமீட்டரில், ஆற்று நீர் கீழேயிருந்து முட்டிப் பெயர்த்து வைத்திருந்த பனிக்கட்டி மேடு ஒன்றை நான் மூடுபனியில் பார்க்கவில்லை. வேனின் வலது பக்க அடிவயிறு அதன் மேல் உரசி, தூக்கிப் போட்டது. கேஸ்கில் கத்தினான். நானும் கத்தினேன், அவனைப் பார்த்துக் கத்தாதே என்று. பயந்தவள் வேறு யார் மேல் எரிந்து விழுவாள்?

நிறுத்தி இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் இருந்தது. விளக்கு இருந்தது. அடியில் குனிந்தும் பார்த்தேன். எதுவும் தொங்கவில்லை, எதுவும் சொட்டவில்லை. டாங்க் குளிரில் உறையாமல் இருக்க அதைச் சுற்றிக் கேஸ்கில் அக்டோபரிலேயே தடித்த கம்பளத்தைக் கட்டி, கம்பியால் இறுக்கியிருந்தான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கட்டுவார்கள். கம்பளம் காய்ந்து, சுத்தமாக இருந்தது. ஏறி ஓட்டினேன்.

தொண்ணூறாவது கிலோமீட்டரில் பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த முள் குளிரில் பொய் சொல்லும் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் எதற்கு வம்பு என்று நிறுத்தி, பின்னால் வைத்திருந்த இருபது லிட்டர் கேனை முழுசாக டாங்கில் கவிழ்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு முட்டாள்தனமான காரியத்தை இவ்வளவு பொறுப்போடு நான் செய்ததில்லை.

"பெட்ரோல் வாசம் தூக்கலா இருக்கே" என்றான் கேஸ்கில்.

"ஊத்தும்போது கையுறைல சிந்திடுச்சு."

"எவ்வளவு சிந்தினே, வாளியாலயா?"

"உனக்கு வயித்துலதானே கோளாறு? மூக்கையும் காட்டணுமா ஆஸ்பத்திரில?"

அவனுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. அது வரும்போது பேச்சு பாதியில் அறுந்துவிடும், மூச்சு நின்றுவிடும், பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்தில் இரண்டு வரும், அப்புறம் கால் மணி நேரம் வராது. ஒவ்வொன்றுக்கும் நான் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன்.

நூற்றிருபதில் முள் கால் பாகத்தில் நின்றது. முப்பது கிலோமீட்டருக்கு இருபத்தைந்து லிட்டர் குடிக்கிற வண்டி கிடையாது. கணக்கு டீச்சருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

நிறுத்தினேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"டேய், டாங்க் ஒழுகுது."

"எவ்வளவு இருக்கு?"

"கால்."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"எழுபது."

"ஒழுகலேன்னா போதும்" என்றான். "இப்படியே போனா இன்னும் முப்பது கிலோமீட்டர்ல நிப்போம். என்ஜினை அணை. புகைக்குழாய் டாங்குக்கு ஒரு முழத்துலதான் போகுது."

"அணைக்க மாட்டேன்."

"அக்கா."

"அணைச்சா திரும்ப உசுப்பறது யாரு, நீயா?"

குளிர்காலப் பயணத்தில் எங்கள் ஊரில் யாரும் என்ஜினை அணைப்பதில்லை. சாப்பிட நின்றாலும், தூங்க நின்றாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐம்பத்து நான்கில் அரை மணி நேரம் அணைந்து கிடந்தால் எண்ணெய் இறுகிக் கல்லாகும். அதற்கு அப்புறம் அடியில் ஊதுவிளக்கை எரியவிட்டு இளக்க வேண்டும். பெட்ரோலில் ஊறின கம்பளத்துக்குக் கீழே நெருப்பை வைக்க எனக்குப் பைத்தியமா? அணைத்தால் ஹீட்டரும் போய்விடும். வயிற்றுக்குள் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு அவன் அந்த இரும்புப் பெட்டியில் எத்தனை நிமிடம் தாங்குவான்?

"சரி, ஓடட்டும்" என்றான் கேஸ்கில். "பத்திக்கிட்டா கொஞ்ச நேரமாவது கதகதன்னு இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துவிடுவோம் என்று அப்போதுதான் முழுசாக நினைத்தேன். அவன் சாவான், அவனைப் பார்த்துக்கொண்டே நானும் சாவேன். எங்கள் அம்மா அப்பா போனபின் எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன். கல்யாணம் செய்துகொள்ளாதவள் என்று என்னையும், செய்துகொண்டு உருப்படாதவன் என்று அவனையும் ஊர் பேசும். நாங்கள் இருவரும் தினமும் சண்டை போட்டுக்கொண்டு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம். அந்த அடுப்புக்கு நான் தனியாகத் திரும்பிப் போக முடியாது.

"எங்க ஒழுகுதுன்னு முதல்ல கண்டுபிடி" என்றான். "நோட்டு கொண்டு வந்தியே, அதைக் கிழி. பனி மேல வரிசையா போடு. பம்புக்குக் கீழ ஒண்ணு, ஃபில்டருக்குக் கீழ ஒண்ணு, டாங்குக்கு ஒண்ணு, பின்னாடி அச்சுக்கு ஒண்ணு. பெட்ரோல் பட்ட தாள் எண்ணெய் பலகாரம் வச்ச மாதிரி தெளியும்."

ஏழாம் வகுப்பின் பின்னங்கள் பனி மேல் வரிசையாகப் படுத்தன. நான் மண்டியிட்டு அடியில் தலையை விட்டேன். மூச்சு விடும்போதெல்லாம் என் இமை முடிகள் ஒட்டிக்கொண்டன. இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு தாளில் கறை விழுந்தது, பின் அச்சுக்குக் கீழே.

தரைத் தகட்டைத் தட்டிக் கத்தினேன். அவன் படுத்திருந்தது சரியாக அதற்கு மேலே. "பின்னாடி சொட்டுது. அச்சுகிட்ட."

"அச்சுல ஏது பெட்ரோல்?" அவன் குரல் தகட்டின் வழியாக வந்தது. "ஓடற வண்டில காத்து எல்லாத்தையும் பின்னாடி தள்ளிக்கிட்டுப் போகும். சொட்டற இடம் வேற, ஓட்டை இருக்கற இடம் வேற. ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டே முன்னாடி வா."

கையுறையைக் கழற்றி உள்கையுறையோடு தடவிக்கொண்டே முன்னால் ஊர்ந்தேன். சட்டத்தில் ஈரம். குறுக்குக் கம்பியில் ஈரம். டாங்கின் கம்பளத்தில் கை வைத்ததும் புரிந்தது. வெளியே காய்ந்து தெரிந்த அந்தக் கம்பளம் உள்ளுக்குள் சொதசொதவென்று ஊறியிருந்தது. அறுபது கிலோமீட்டராக அது குடித்துக்கொண்டே வந்திருக்கிறது. குடித்து முடித்த பிறகுதான் கக்க ஆரம்பித்திருக்கிறது. நான் குனிந்து பார்த்தபோது சுத்தமாக இருந்ததும் அதனால்தான்.

"கம்பளத்துக்குள்ள இருக்கு" என்று கத்தினேன். "நீ கட்டின கட்டு, கேஸ்கில். இது இல்லேன்னா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"அது இல்லேன்னா பெட்ரோல் குழாய் போன மாசமே உறைஞ்சிருக்கும். அறு."

கத்தியால் கம்பியை நெம்பி, கம்பளத்தை அறுத்து, தூர இழுத்துப் போட்டேன். என் விரல்கள் பெட்ரோலில் நனைந்தன. இந்தக் குளிரில் பெட்ரோல் தோலில் பட்டால் முதலில் சுடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. இடது கையில் இரண்டு விரல் நுனி எனக்கு இன்றைக்கும் செத்தவைதான்.

டாங்கின் வலது முன் மூலையில், தகடும் தகடும் சேரும் விளிம்பில், மூன்று விரல் நீளத்துக்கு ஒரு மயிர்க்கோடு. அந்தக் குளிரில் இரும்பு வளையாது, விரிசல் விடும். நான் ஏற்றிய மேட்டின் வேலை. கோட்டின் நீளத்துக்கும் பெட்ரோல் வழிந்து கொண்டிருந்தது. காலிக் கேனின் வாயைக் கத்தியால் அறுத்து அகலமாக்கி அதன் கீழே வைத்தேன். அவன் அடுத்துச் சொன்னது கேட்கச் சுலபமாக இருந்தது. டாங்கே வேண்டாம். பெட்ரோலைக் கேனில் பிடி, கேனை உள்ளே வை, அங்கிருந்து பம்புக்கு நேரே ஒரு ரப்பர் ட்யூப்.

ட்யூப் வேனின் வெளிப்பக்கம், கதவோரம் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வளைத்தேன். குளிரில் விறைத்திருந்தது, மூன்று துண்டாக ஒடிந்தது.

நான் அந்தத் துண்டுகளை அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. யாராவது பார்க்க வேண்டும் என்று இருந்தது.

"உள்ளே வச்சிருந்திருக்கணும்" என்றான்.

"இப்ப சொல்லு. நல்லா சொல்லு."

"அக்கா, அழாத. கண்ணு ஒட்டிக்கும். ஓரத்துல ஒதுக்கின பனி இருக்குல்ல? வலது சக்கரம் இரண்டையும் அது மேல ஏத்து. வண்டி இடது பக்கம் சாயும், பெட்ரோலும் அந்தப் பக்கம் போயிடும். ஓட்டை மேல வந்துடும். அப்பறம் அடைக்கலாம்."

"எதை வச்சு?"

"சோப்பு இருக்கா?"

கால்வாசி நிரம்பிய கேனை உள்ளே வைத்துவிட்டு வேனை ஏற்றினேன். சாய்ந்தபோது கேஸ்கில் இருக்கையிலிருந்து வழுக்கிச் சுவரில் மோதி அலறினான். என்ஜின் ஒரு முறை இருமியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அணையாதே, அணையாதே என்று அதனிடம் கெஞ்சினேன். இன்னொரு முறை இருமிவிட்டு ஓடியது.

மறுபடி அடியில் போனேன். கோடு அழுவது நின்று, ஈரமாக மட்டும் இருந்தது. துடைத்துவிட்டுச் சோப்பைத் தேய்த்தேன். வாசனைச் சோப்பு, ஆஸ்பத்திரிக்கென்று புதிதாகப் பிரித்தது. கல்லைத் தேய்ப்பது போலத்தான் இருந்தது, ஒரு துகள்கூட ஒட்டவில்லை.

"ஒட்டலடா."

"வாயில போட்டு இளக்கு."

சோப்பைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டேன். நுரை தொண்டைக்குள் இறங்கியது. குமட்டியது. இளகியதைத் துப்பி, விரலால் கோட்டில் அழுத்தினேன். அது இறுகுவதற்குள் அடுத்த கடி. இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. மேலே கேஸ்கிலின் முனகல் நடுவில் நின்று போனது.

"கேஸ்கில்?"

தகட்டை முஷ்டியால் குத்தினேன். "கேஸ்கில், டேய்."

"இருக்கேன், இருக்கேன்." குரல் தெளிவாக, லேசாக, ஏதோ தூங்கி எழுந்தவன் குரல் போல வந்தது. "சோப்பு எப்படி இருக்கு? உப்பு போதுமா?"

"நீ செத்து ஒழி."

"மெதுவா செய் அக்கா. அவசரப்படாத. பாதியில விட்டுட்டு வந்து ஓட்டிடாத, புரியுதா? முழுசா அடை. நான் எங்கயும் போகல." பிறகு முனக ஆரம்பித்தான். முனகல் நின்றுவிட்டதோ என்று பயந்திருந்த எனக்கு அது திரும்ப வந்தது ஆறுதலாக இருந்தது. அவ்வளவு பெரிய மடைச்சி நான்.

சோப்பு பிடித்தது. ஆனால் விரலால் தட்டினால் ஓரம் பெயர்ந்தது. எழுபது கிலோமீட்டர் குலுக்கலை அது தாங்காது என்று அவனிடம் கத்திச் சொன்னேன்.

"அது மேல ஒரு கட்டு போடணும்" என்றான். "துணியை நனைச்சுச் சுத்து. பத்து எண்ணறதுக்குள்ள ஐஸ் ஆயிடும். ஐஸை பெட்ரோல் கரைக்காது."

"தண்ணிக்கு எங்க போவேன்? பனியை உருக்க நெருப்பு வைக்கவா?"

"ஃபிளாஸ்க்ல என்ன இருக்கு?"

அவன் காலையிலிருந்து கெஞ்சிய டீ அது. அவனுடைய உள்சட்டையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்தேன். ஒவ்வொரு கீற்றையும் டம்ளர் டீயில் முக்கி, ஓடிப்போய், மூலையைச் சுற்றி அழுத்தினேன். என் கையிலிருந்து ஆவி பறந்தது. கீற்று என் விரலடியிலேயே விறைத்தது. அடுத்த கீற்று, அடுத்த அடுக்கு. கதவைத் திறந்து டீ ஊற்றிய ஒவ்வொரு முறையும் கேஸ்கில் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கடைசிக் கீற்றுக்கு மேல் மிச்சத்தை அப்படியே ஊற்றினேன். மூலை முழுவதும் பால் நிறத்தில் ஒரு கட்டி.

கேனில் பிடித்த நாலைந்து லிட்டரை டாங்கில் திரும்ப ஊற்றி, வேனைச் சமதரைக்கு இறக்கினேன். கட்டியின் கீழே ஒரு புதுத் தாளைப் போட்டு, வயிற்றில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். விழவில்லை.

மிச்சம் எழுபது கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடந்தேன். வேகமாகப் போனால் கட்டு உடையும், மெதுவாகப் போனால் அவன் போய்விடுவான். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே ஓட்டினேன். இருட்டியது. முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

"சத்தம் போட்டுக்கிட்டே வா" என்றேன். "நீ பேசாம இருந்தா எனக்கு ஓட்ட வரல."

அவன் போட்டான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு முனகல். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கலாம், அவ்வளவு ஒழுங்கு. கடைசி ஒரு மணி நேரம் மட்டும் முனகல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்தன. கத்தாதே என்று பாதி வழியில் திட்டினேன், அப்புறம் கத்து என்று திட்டினேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் நோயாளியை வெளியே இறக்க மாட்டார்கள். சூடு போட்ட பெரிய கொட்டகைக்குள் வண்டியையே விட்டு, கதவைச் சாத்தி, அப்புறம்தான் இறக்குவார்கள். காவலாளி புரோகோப்பி கதவைத் திறந்தார், நான் உள்ளே விட்டேன், அவர் சாத்தினார். வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். ஒரு நர்ஸ் பெயர், வயது, எப்போதிலிருந்து வலி என்று கேட்டு எழுதினாள். பின்கதவு குளிரில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் அடம்பிடித்தது.

"ஏம்மா" என்றார் புரோகோப்பி, வேனுக்கு அடியில் பார்த்து. "உன் வண்டி ஒண்ணுக்குப் போகுது."

கட்டு உருகிக்கொண்டிருந்தது. ஒரு கீற்றுத் துணி கழன்று தொங்கியது. பெட்ரோல் கம்பியாக இறங்கிச் சிமெண்ட் தரையில் பரவியது. கொட்டகையின் மூலையில் ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. புரோகோப்பி ஓடிப்போய் அதன் சுவிட்சை அணைத்தார்.

"வெளிய எடு, சீக்கிரம் வெளிய எடு" என்று கதவைத் திறந்தார்.

கேஸ்கிலை அப்போதுதான் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியிருந்தார்கள். அவன் கை என் பக்கம் நீண்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அதைக் கேட்கவில்லை. ஓடிப்போய் ஏறி, வேனைப் பின்னோக்கி எடுத்துக் குளிருக்குள் கொண்டுபோனேன். இதே குளிர்தான் இதைச் சேர்த்து வைத்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஜனவரி மாதத்தில், வெளியில், சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். திரும்பி ஓடி வந்தபோது கொட்டகையில் யாரும் இல்லை. புரோகோப்பி தரையில் மணல் கொட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணி நேரம் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ என் கையை வெந்நீரில் வைத்து, கட்டுப் போட்டார்கள். வாயெல்லாம் சோப்பு. கடைசியில் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் வெளியே வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். தொப்பியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"வலி எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"நிக்கவே இல்ல. வழியெல்லாம் கத்திக்கிட்டே வந்தான்."

"இல்லம்மா. குடல்வால் வெடிச்சு நாலு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கு. வெடிச்ச உடனே வலி அப்படியே அடங்கிடும், ஆளுக்கு நிம்மதியா இருக்கும். அப்பறம் வயிறு முழுக்கப் பரவி வேற வலி வரும். கடைசில அவர் கத்தினது நிஜமா இருக்கலாம். நடுவுல கத்தினது இல்ல."

"நடுவுல எப்ப?"

"நீங்க வண்டிக்கு அடியில இருந்தப்பன்னு சொன்னார். மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி. வலி நின்னா வெடிச்சிடுச்சுன்னு அர்த்தம்னு உங்க ஊர் நர்ஸ் அவர் காதுல சொல்லி அனுப்பியிருக்காங்க." அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கழுவி, குழாய் வச்சிருக்கோம். கஷ்டப்படுவார். ஆனா பிழைச்சுக்குவார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

அனீஸ்யா அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். என் பதற்றம் ஊருக்கே தெரியும். அவன் ஏன் சொல்லவில்லை என்பதும் அந்தப் பெஞ்சிலேயே தெரிந்தது. வலி நின்றுவிட்டது அக்கா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சோப்பும் வேண்டாம் துணியும் வேண்டாம் என்று நான் ஏறி மிதித்திருப்பேன். அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் டாங்க் காலியாகி நின்றிருப்போம், இரண்டு பேரும். அவன் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, வயிற்றுக்குள் விஷம் பரவப் பரவ, நான் சோப்பைக் கடித்து முடிக்கும்வரை எனக்காக முனகிக் காட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான். எந்த முனகல் எனக்காக, எது அவனுக்காக என்று நான் வழியின் அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தையும் மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை.

மறுநாள் மதியம் கண் விழித்தான். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா. நல்லா இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன், அறைய இடமில்லை. கட்டுப் போட்ட கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை என்கிட்ட பொய் சொன்னே, கேஸ்கில், நானே உன்னைக் கொன்னுடுவேன். வலிக்குதா?"

அவன் கூரையைப் பார்த்தான். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்கு இறங்கியது.

"வலிக்குது" என்றான். "ரொம்ப வலிக்குது அக்கா. நேத்திலேருந்து ரொம்ப பயமா இருந்துச்சு."

"அப்ப கத்து."

"எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும். கத்து."

முப்பத்தாறு வயது ஆள் வாயைத் திறந்து கத்தினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், வாசலில் ஒரு நர்ஸ் வந்து நின்றாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.